மால்டோவாவா, ஜார்ஜியாவா?

உக்ரைன் போருக்குப் பிறகு, மருத்துவப் படிப்புக்காக இந்த இரண்டு பெயரும் குடியாத்தம் வரை அடிபடுகின்றன. எல்லாரும் ஃபீஸைத்தான் கேட்கிறார்கள். காட்பாடி மாமா மட்டும் போரைப் பற்றிக் கேட்டார்.

இரு நாட்டு மண்ணிலும் ரஷ்யப் படை இருக்கிறது. மால்டோவா ஐரோப்பா பக்கம் சாய்ந்தது: 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பம், ஜூனில் வேட்பாளர் தகுதி, 2024 அக்டோபரில் அதற்கான மக்கள் வாக்கெடுப்பில் மயிரிழையில் வெற்றி. அரசமைப்பில் எழுதிய நடுநிலையை மட்டும் விடவில்லை. அதற்குள் எரிவாயுக் கட்டணம் எகிறி, ஜனங்கள் குளிரில் திணறிவிட்டார்கள்.

ஜார்ஜியாவும் அதே மார்ச்சில் விண்ணப்பித்ததுதான். ஆனால் 2008-இல் ரஷ்யாவோடு நடந்த போரில் சூடுபட்ட நாடு. ரஷ்யா மீதான தடைகளில் சேரவில்லை. வியாபாரம் கொழித்தது, 2023 மே மாதம் ரஷ்யாவிலிருந்து நேரடி விமானமும் வந்தது. மாமாவுக்கு இது சாமர்த்தியம். எனக்கென்னவோ மால்டோவாதான் தேவலை. 2024 நவம்பரில் ஜார்ஜிய அரசு ஒன்றியத்தோடு பேச்சை 2028 வரை தள்ளிவைத்ததும், தலைநகர் திபிலீசியில் ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.