தம்பியோட காலேஜ் லேப்டாப்: ரெண்டு செமஸ்டர் முடிஞ்சப்புறம் ஒரு ரிவ்யூ

தம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேந்தப்போ வாங்குன லேப்டாப்புக்கு இப்ப ஒரு வருஷம் ஆகிடுச்சு. வாங்குன வாரமே எழுதியிருக்கலாம், ஆனா பாக்ஸ் பிரிச்ச புதுசுல எல்லா லேப்டாப்பும் பறக்கத்தான் செய்யும், ரெண்டு செமஸ்டர் பையில கெடந்து, பெஞ்சுல இடிபட்டு, எக்ஸாம் டைம்ல ராத்திரி முழுக்க ஓடுனப்புறம் எப்படி இருக்குன்னு சொன்னாத்தான் வாங்கப்போறவங்களுக்கு உபயோகம்னு காத்திருந்தேன்.

மாடல் பேர் நான் சொல்லல, அதுக்கு காரணம் இருக்கு. ஒரே பேர்ல ரெண்டு மூணு விதமா ஸ்கிரீனும் ரேமும் மாத்தி மாத்தி விக்கறாங்க, பேர மட்டும் பாத்து வாங்குனா எங்க கையில இருக்கற மெஷின் உங்களுக்கு வராமலே போகலாம். அதனால ஸ்பெக் மட்டும் சொல்றேன். 14 இன்ச், 1920க்கு 1200 பிக்சல் ஐபிஎஸ் ஸ்கிரீன் (பக்கவாட்டுல பாத்தாலும் கலர் பெருசா மாறாத வகை), ஏஎம்டியோட ரைசன் 5 7530யூ பிராசஸர், போர்டோட சால்டர் பண்ண, அதாவது கழட்ட முடியாத 8 ஜிபி ரேம், கூடவே காலியா ஒரு ரேம் ஸ்லாட், பைல் எல்லாம் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி, 47 வாட் ஹவர் பேட்டரி, எடை 1.4 கிலோ.

தம்பி முதல்ல கேட்டது கேமிங் லேப்டாப். அவன் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அவனோட ஒரு நாள் எப்படி இருக்கும்னு ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம். காலைல போனா சாயங்காலம் வரைக்கும் கிளாஸ், லேப், லைப்ரரின்னு மாறிக்கிட்டே இருக்கணும், கிளாஸ்ல பிளக் பாயிண்ட் கெடைக்கும்னு நம்ப முடியாது. அவன் கிளாஸ்மேட் ஒருத்தன் கேமிங் மெஷின்தான் வாங்குனான், சார்ஜரோட சேத்தா 3 கிலோ கிட்ட வருது, மூணு மாசத்துல அது ரூமோட நின்னுடுச்சு, கிளாஸுக்கு இப்ப நோட்டும் போனும்தான் எடுத்துட்டு வரானாம். தினமும் பையில போற மெஷின்தான் காலேஜுக்கு லாயக்குன்னு எனக்கு அப்பவே தோணுச்சு, ஒரு வருஷம் கழிச்சும் அதே எண்ணம்தான்.

இப்ப முக்கியமான விஷயம். லேப்டாப்ல பின்னாடி மாத்த முடியறது எது, மாத்தவே முடியாதது எதுன்னு ரெண்டா பிரிச்சு பாருங்க. எஸ்எஸ்டி மாத்தலாம், பேட்டரி மாத்தலாம், ஸ்லாட் இருந்தா ரேம் ஏத்தலாம். கீபோர்ட், எடை, ஸ்கிரீனோட தரம், சால்டர் பண்ண ரேம், இதெல்லாம் வாங்குன அன்னிக்கு என்னவோ கடைசி வருஷம் வரைக்கும் அதேதான். கடையில பேசறப்போ எல்லாரும் பிராசஸர பத்தியே பேசுவாங்க, ஆனா நாலு வருஷம் கண்ணும் விரலும் தோளும் படற பாடு இந்த ரெண்டாவது லிஸ்ட்லதான் இருக்கு.

ரேம் கதைய சொல்றேன். முதல் செமஸ்டர் 8 ஜிபிலயே ஓடிடுச்சு, சி புரோகிராம், ஒரு பிரவுசர், பிடிஎஃப், அவ்வளவுதான். ரெண்டாவது செமஸ்டர்ல விர்ச்சுவல் மெஷின்ல, அதாவது விண்டோஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடறதுல, லினக்ஸ் ஓஎஸ் போட சொன்னாங்க, அங்கதான் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, விண்டோஸும் பிரவுசரும் சேந்து பாதிக்கு மேல எடுத்துக்குது, மிச்சத்துல இன்னொரு ஓஎஸ் எப்படி ஓடும். அந்த காலி ஸ்லாட்தான் காப்பாத்துச்சு. பின்பக்கம் ஸ்க்ரூ கழட்டி இன்னொரு 8 ஜிபி சொருகுனோம், அரை மணி நேர வேலை, அதோட பிரச்சனை தீந்துது, ரெண்டு ரேமும் டூயல் சேனல்ல, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு வழியா டேட்டா போற மாதிரி ஓடறதால உள்ளயே இருக்கற கிராபிக்ஸும் கொஞ்சம் வேகமாச்சு. இதே மெஷின் ஸ்லாட் இல்லாம 8 ஜிபி மட்டும் இருந்திருந்தா ஒரே வருஷத்துல புதுசு தேட வேண்டியிருக்கும். ஸ்லாட் இல்லாத மெஷின்னா நேரா 16 ஜிபி எடுங்க, இதுல நான் கொஞ்சம்கூட இறங்கி வரமாட்டேன். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சின்னு (எஸ்எஸ்டிய விட மெதுவான ஸ்டோரேஜ்) வர்றத தொடவே தொடாதீங்க, விண்டோஸ் 11 கேக்கற மினிமமே அந்த 4 ஜிபியும் 64 ஜிபியும்தான், நம்ம வேலைக்கு அதுல எடம் எங்க இருக்கு.

பிராசஸர்ல ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டா போதும், நம்பர படிக்க கத்துக்கோங்க. ரைசன்ல 7000 சீரிஸ்ல மூணாவது எண்தான் உள்ள இருக்கற டிசைன் எதுன்னு சொல்லும். டிசைனுக்கு ஜென்னு பேரு, எண் கூடக்கூட புதுசு: 7520யூன்னா ஜென் 2, 7530யூன்னா ஜென் 3, 7540யூன்னா ஜென் 4. பாக்க பத்து பத்து நம்பர்தான் வித்தியாசம், ஆனா 7520யூல நாலு கோர் (வேலைய பிரிச்சு செய்யற பகுதி), அதுவும் பழைய டிசைன், 7530யூல ஆறு கோர். ரெண்டு பாக்ஸ் மேலயும் ரைசன் 5ன்னுதான் போட்டிருக்கும்! இன்டெல்லயும் பழைய ஐ7 ஒண்ண புது ஐ5 தாண்டிப் போறது சாதாரணம், அதனால ஐ7ங்கற எழுத்த பாத்து மயங்காதீங்க. செகண்ட் ஹேண்ட் பாக்கறவங்க இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ போகாதீங்க, விண்டோஸ் 11 அங்க இருந்துதான் சப்போர்ட், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது.

பேட்டரி நல்லா இருக்கு. புதுசுல கிளாஸ் வேலைக்கு ஏழு எட்டு மணி நேரம் வந்துச்சு, இப்ப ஆறரை வருது. விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், 47ல இருந்து 43 வாட் ஹவருக்கு வந்திருக்கு. வீட்ல பிளக்லயே இருக்கும்போது 80 சதவீதத்துல நிக்கற மாதிரி செட் பண்ணி வெச்சதும் ஒரு காரணம்னு நெனக்கறேன். டைப் சில 65 வாட் சார்ஜ் ஆகுது, அதே சார்ஜர்ல போனும் போட்டுக்கறான். ஆனா டைப் சி ஓட்டை இருந்தாலே சார்ஜ் ஆகும்னு இல்ல, சிலதுல டேட்டா மட்டும்தான் போகும், வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

குறைன்னா ஸ்கிரீன்தான். 1200 வரி இருக்கறதால கோட் படிக்க, பிடிஎஃப் படிக்க ரொம்ப வசதி, ஆனா ஸ்கிரீன் எவ்வளவு கலர் காட்டும்னு அளக்கற என்டிஎஸ்சி கணக்குல 45 சதவீதம், எஸ்ஆர்ஜிபிங்கற இன்னொரு கணக்குல பாத்தா கிட்டத்தட்ட 60 சதவீதம்தான், சிவப்பு எல்லாம் செங்கல் மாதிரி தெரியுது. தம்பிக்கு அது பரவாயில்ல, டிசைன், போட்டோ, வீடியோ எடிட்டிங் படிக்கறவங்களுக்கு கண்டிப்பா ஆகாது, அவங்க 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபின்னு போட்டிருக்கறத தேடி எடுங்க. வெப்கேம் 720பி, ஆன்லைன் இன்டர்வியூவுக்கு சுமார்தான். ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருக்கு, மெத்தை மேல வெச்சா சத்தம் அமுங்கிடுது.

இன்னொண்ணு, இது இந்த மெஷினோட தப்பு இல்ல. ஒரு தடவ பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் ஆனப்புறம், டிஸ்க்க பூட்டி வெக்கற பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டு நின்னுடுச்சு, மறுநாள் அசைன்மென்ட் சப்மிட் பண்ணணும், தம்பி முகம் வெளுத்துப் போச்சு. அந்த 48 இலக்க கீ அவன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருந்துச்சு, போன்ல லாகின் பண்ணி எடுத்தோம். வாங்குன அன்னிக்கே அத எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிடுங்க, கீயும் கையில இல்லாம அக்கவுண்ட்குள்ளயும் போக முடியாம போச்சுன்னா அவ்வளவு பைலும் போயிடும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் படிக்கறவங்களுக்கு இத மாதிரி ஸ்பெக் உள்ளத தைரியமா சொல்வேன். மெஷின் லேர்னிங்குக்கு கிராபிக்ஸ் கார்டு வேணாமான்னு தம்பியும் கேட்டான், படிக்கற அளவுக்கு பிரவுசர்லயே கோட் ஓட்டற கூகுள் கோலாப்ல இலவசமா கெடைக்கற ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) போதுமா இருக்கு.

மாமா பொண்ணு இந்த வருஷம் ஆர்க்கிடெக்சர் சேருறா, அவளுக்கு இந்த மெஷின நான் சொல்லல. கட்டடம் வரையற ரெவிட் சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும், அதனால அவ ஆசைப்பட்ட மேக்புக்கும் ஒத்துவராது, தனி கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி வரைக்கும் ஏத்தற மாதிரி ரேம் ஸ்லாட், நல்ல ஸ்கிரீன் எல்லாமே வேணும், எடை கொஞ்சம் கூடத்தான் செய்யும். ரெண்டாவது வருஷத்துல என்னென்ன சாஃப்ட்வேர் வருதுன்னு சீனியர்ஸ்கிட்ட லிஸ்ட் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன், அது கைக்கு வந்தப்புறம்தான் கடைப்பக்கம் போறோம்.