தன்னார்வலரின் ஒரு வாரம்: கோலாலம்பூரா, பினாங்கா?

தமிழகத்திலிருந்து தன்னார்வப் பணிக்காக மலேசியாவுக்கு வருபவர் எந்த நகரத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டால், இரண்டிலும் பணியாற்றியவள் என்ற முறையில், முதலில் வேலையின் தன்மையைப் பார்க்கச் சொல்வேன்.

மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் இடம் கிடைப்பதில்லை. அவர்களுக்காகக் கோலாலம்பூரில் இயங்கும் கற்றல் மையங்களுக்குத் தன்னார்வலர்கள் பெருந்துணையாக இருக்கிறார்கள். அங்கே திங்கள் முதல் வெள்ளி வரை என் பொழுது வகுப்பறையிலேயே கழிந்தது. மியன்மாரிலிருந்து வந்த பிள்ளைகளிடம் என் தமிழ் செல்லாது என்பதால், படங்களையும் சைகைகளையும் கொண்டே எண்களைக் கற்பித்தேன். ஒரு சிறுமி தன் பெயரை முதன்முறையாக எழுதிக் காட்டிய அந்தப் புதன்கிழமையை நான் இன்னும் மறக்கவில்லை. மாலையில் எல்ஆர்டி நகர ரயிலின் நெரிசலில் நின்றபடி, நான் தங்கியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குத் திரும்பும்போது உடல் சோர்ந்துவிடும்.

பினாங்கில் முதியோர் இல்லப் பணி. "பசியாறியாச்சாம்மா?" என்று பாட்டிமார் கேட்கும்போதே அந்நியம் விலகிவிடுகிறது. பால்மர (ரப்பர்) தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்த அவர்களுக்கு மருந்தைவிடவும் பேச்சுத்துணை அதிகம் தேவைப்படுகிறது. வாடகையும் தலைநகரைவிடக் குறைவு; ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் படகில் சென்று வரலாம்.

கற்பித்த அனுபவமும் குறைந்தது மூன்று மாத அவகாசமும் உள்ளவர் கோலாலம்பூருக்கே செல்ல வேண்டும். பழகிய ஆசிரியர் இடையில் விலகினால் அப்பிள்ளைகள் மிகவும் வாடிப்போகிறார்கள். சில வாரங்களே தங்க இயலுபவருக்குப் பினாங்கு பொருந்தும்.