டிஸ்கில் ஒரு வெர்ஷன், ஓடுவது வேறொன்று: ஆப் சர்வர்களோடு பன்னிரண்டு வருடம்

'அந்த மெஷினில் டாம்கேட் என்ன வெர்ஷன்?' என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். இப்போது கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன். வெர்ஷன் பார்க்க ஒவ்வொரு ஆப் சர்வரும், அதாவது ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் ஒவ்வொரு மென்பொருளும், ஏதோ ஒரு வழி வைத்திருக்கிறது. டாம்கேட், ஜேபாஸ், வெப்ஸ்பியர், வெப்லாஜிக் என்று பன்னிரண்டு வருடமாக அந்த வழிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எதை நம்பலாம், எதைப் பாதி நம்பலாம் என்று எனக்கு ஒரு கணக்கு வந்திருக்கிறது.

என்னை மாற்றியது 2020 பிப்ரவரி. கோஸ்ட்கேட் என்று பெயர் வைத்த பாதுகாப்பு ஓட்டை, பதிவு எண் சிவிஇ-2020-1938, வெளியான சமயம். டாம்கேட்டின் ஏஜேபி கனெக்டர், முன்னால் நிற்கும் வெப் சர்வரோடு அது பேசும் வாசல், வழக்கமாக 8009 போர்ட், வெளியே திறந்திருந்தால் அப்ளிகேஷனுக்குள் இருக்கும் கோப்புகளை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகியவற்றில் சரிசெய்திருந்தார்கள். நாங்கள் 8.5.51-ஐப் பக்கத்திலேயே புது ஃபோல்டராக விரித்து, டாம்கேட் என்ற பெயரில் பழைய ஃபோல்டரைச் சுட்டிய லிங்க்கை அதற்குத் திருப்பினோம். அதன் 'பின்' (bin) என்ற ஃபோல்டரில் இருக்கும் வெர்ஷன் ஸ்கிரிப்டை ஓட்டினேன், 8.5.51 என்றது. பட்டியலில் பச்சை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பாதுகாப்பு ஸ்கேனில் அதே மெஷின் சிவப்பு. நான் ஸ்கிரீன்ஷாட்டோடு சண்டைக்குப் போனேன். ஸ்கேன் நடத்தியவர் ஒரே வரியில் முடித்தார்: "நீங்க ஃபோல்டரைப் பார்த்திருக்கீங்க, நான் போர்ட்டைப் பார்த்தேன்."

சரி என்று ப்ராசஸ் பட்டியலை எடுத்தால் டாம்கேட் இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் கேட்டலினா ஹோம் என்ற இடத்தில் லிங்க்கின் பெயர்தான் இருந்தது. அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் ப்ராசஸ் தொடங்கிய தேதி இருந்தது, மேம்படுத்தலுக்கு நாற்பது நாள் முன்பு. அப்புறம் அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்புகளைப் பார்த்தேன். லினக்ஸ் அங்கே லிங்க்கின் பெயரைக் காட்டாது, உண்மையான பாதையைக் காட்டும். கேட்டலினா ஜார், டாம்கேட்டின் முக்கிய நிரல் தொகுப்பு, பழைய ஃபோல்டரிலிருந்து திறந்திருந்தது, பாதையிலேயே பழைய எண். யாரும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. யாரும் என்றால், நான்தான்.

டாம்கேட்டின் வெர்ஷன் ஸ்கிரிப்ட் பொய் சொல்வதில்லை. டிஸ்கில் இருக்கும் கேட்டலினா ஜாரைத் திறந்து, உள்ளே எழுதியிருப்பதைப் படித்துக்காட்டும், அவ்வளவுதான். ஓடும் ப்ராசஸை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இன்னொரு வம்பும் உண்டு: உங்கள் ஷெல்லில் கேட்டலினா ஹோம் என்ற மாறி வேறொரு ஃபோல்டரைக் காட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் எந்த ஃபோல்டரிலிருந்து ஸ்கிரிப்டை ஓட்டினாலும் அந்த வேறொன்றின் வெர்ஷனே வரும். எண்ணுக்கு மேலே எந்த ஹோம் என்று சில வரிகள் வருமே, எல்லோரும் தாண்டிப்போகும் வரிகள், அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

404 பக்கத்தின் அடியில் தெரியும் எண்ணைப் பார்த்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஓடும் சர்வரே சொல்கிறது என்பதால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பாதுகாப்புக்காக அந்த எண்ணை மறைக்கிற பழக்கம் பரவலானது. லிப் ஃபோல்டரில் ஒரு சின்ன ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை வைத்தால் போதும், விருப்பப்பட்ட எண்ணைக் காட்டவைக்கலாம். அப்படிச் செய்த மெஷினில் தொடக்க லாக்கும் அதே பொய்யைச் சொல்லும். ஸ்கிரிப்ட் மட்டும் நேராக ஜாரைப் படிப்பதால் உண்மையைச் சொல்லும். ஒரே மெஷினில் லாக் ஒன்று, ஸ்கிரிப்ட் ஒன்று என்று வந்தபோது அரை நாள் போனது எனக்கு. பழைய டாம்கேட்கள் பதிலோடு சேர்த்து ஹெடரில் அனுப்பிய கொயோட்டி 1.1 என்பதை வெர்ஷன் என்று எழுதி வைத்த ஆவணமும் பார்த்திருக்கிறேன். அது கனெக்டரின் பெயர், 8.0 வரைக்கும் அதே எண்தான்.

வெப்ஸ்பியரில் எனக்குப் பிடித்தது அதன் லாக்தான். சிஸ்டம் அவுட் லாக்கின் தலையிலேயே ப்ராசஸ் எழும்போது தன் வெர்ஷனை எழுதிவிடும், ஆகவே அது ஓடுவதின் வெர்ஷன். வெர்ஷன் இன்ஃபோ கட்டளை நீளமாகப் பேசும். 8.5.5-க்குப் பின்னால் வரும் நான்காவது எண்தான் ஃபிக்ஸ் பேக் எனும் திருத்தத் தொகுப்பு, அதை விட்டுவிட்டு 8.5 என்று மட்டும் எழுதுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. தனியாகப் போட்ட சிறு ஃபிக்ஸ்கள் வேண்டுமென்றால் பராமரிப்புத் தொகுப்புகளையும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும், தானாக வராது.

வெப்லாஜிக்கில் முதலில் சூழல் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு அப்புறம்தான் ஜாவாவிடம் கேட்க முடியும். மறந்தால் கிளாஸ் கிடைக்கவில்லை என்று திரும்பிவரும். 12.2.1.4 என்று வந்ததும் மூடிவிடாதீர்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடம் நான்கு முறை வரும் பேட்ச்களால் அந்த எண் மாறுவதில்லை. பேட்ச் போடும் கருவியான ஓபேட்ச்சிடம் பேட்ச் பட்டியல் கேட்டால்தான் பதில் முழுமையாகும்.

ஜேபாஸில் பெயர்களே குழப்பம். ஜேபாஸ் ஏஎஸ் (அப்ளிகேஷன் சர்வர்) 7-க்குப் பிறகு 8 முதல் அதன் பெயர் வைல்ட்ஃபிளை. சந்தா கட்டி வாங்கும் பதிப்பான இஏபி தன் எண்ணைத் தனியாக வைத்துக்கொள்ளும்: இஏபி 6-க்கு அடித்தளம் ஏஎஸ் 7, இஏபி 7.0-க்கு வைல்ட்ஃபிளை 10. 'ஜேபாஸ் 7' என்று யாராவது சொன்னால் எந்த 7 என்று கேட்காமல் விடக்கூடாது. ஹோமில் இருக்கும் வெர்ஷன் கோப்பு வசதிதான். ஆனால் நான் எப்போதும் சிஎல்ஐ என்ற கட்டளை வரி வழியாக ஓடும் சர்வரோடு இணைந்து ப்ராடக்ட் வெர்ஷனைக் கேட்பேன். ரிலீஸ் வெர்ஷனைக் கேட்டால் உள்ளே இருக்கும் கோர் என்ற அடிப்பகுதியின் எண் வரும், அது வேறு கதை.

எனக்கு மரியாதை வந்தது கிளாஸ்ஃபிஷ் என்ற இன்னொரு ஆப் சர்வர் மீது. ஏஎஸ்அட்மின் வெர்ஷன் என்று அடிக்கும்போது சர்வர் எழாமல் இருந்தால், சர்வரிடம் கேட்க முடியவில்லை, உள்ளூரில் இருப்பதைப் படித்துச் சொல்கிறேன் என்று வெளிப்படையாக எழுதிவிட்டுத்தான் எண்ணைக் கொடுக்கும். அன்று இப்படி ஒரு வரி எனக்குக் கிடைத்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

ஸ்ப்ரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க் வந்த பிறகு தனி நிறுவல் என்பதே இல்லாமல் போனது. டாம்கேட் அப்ளிகேஷனின் ஜாருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மெஷின் முழுக்கத் தேடினாலும் ஃபோல்டர் கிடைக்காது. ஜாருக்குள் டாம்கேட் எம்பெட் கோர் என்ற பெயரைத் தேட வேண்டும், இல்லையென்றால் தொடக்க லாக்கில் சர்வ்லெட் இன்ஜின் வரியைப் பார்க்க வேண்டும். லினக்ஸ் விநியோகத்தின் பேக்கேஜாக வந்த டாம்கேட் என்றால் நிலைமை தலைகீழ்: எண் பழையதாகவே நிற்கும், ஓட்டைக்கான திருத்தம் உள்ளே வந்திருக்கும். பேக்கேஜ் எண்ணின் வாலையும் சேர்த்துப் படிக்காமல் 'பழசு' என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இப்போது என் பட்டியலில் ஒரு மெஷினுக்கு மூன்று கட்டங்கள்: டிஸ்கில் என்ன, ஓடுவது என்ன, ப்ராசஸ் எந்தத் தேதியில் எழுந்தது. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினால் அந்த வரியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். போன மாதம் அப்படித் திருப்பியது ஒன்று தேதியோடு வந்தது, இருநூற்றுப் பதினான்கு நாளுக்கு முந்தைய தேதி. அதற்கிடையில் அந்த மெஷினில் இரண்டு முறை மேம்படுத்தல் 'முடிந்தது' என்று பதிவாகியிருந்தது.