ஆல்ஃபா வகுப்பு: உரையைவிடச் செவிகொடுத்தலே சிறப்பு

கிறிஸ்தவ விசுவாசத்தை அறிய விரும்புவோருக்காகப் பல சபைகள் நடத்தும் ஆல்ஃபா வகுப்பில், விருந்தினரோடு அமரும் குழு உதவியாளராகத் தொடக்கம் முதல் இறுதிவரை பங்கேற்றேன். முன்பின் அறியாத ஒருவரைக் கிறிஸ்தவர்கள் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே இவ்வகுப்பை மதிப்பிட வேண்டும் என்று கருதுகிறேன். பாடங்களின் தரம் அதற்கு அடுத்ததுதான்.

இலண்டனிலுள்ள ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்னும் ஆங்கிலிக்கன் சபையில், புதிய விசுவாசிகளுக்காக 1977-இல் சார்லஸ் மார்ன்ஹாம் இதைத் தொடங்கினார். 1990-இல் பொறுப்பேற்ற நிக்கி கம்பெல், சபைக்குப் பழக்கமில்லாதவர்களையே முதன்மையாக மனத்தில் கொண்டு வகுப்பின் அமைப்பை மாற்றினார். வரவேற்பு, அறையின் ஒழுங்கு, கேள்விகளைக் கையாளும் முறை ஆகியவற்றில் காணப்படும் கவனம் அந்த மாற்றத்தின் பயன். இன்று கத்தோலிக்கர் முதல் பெந்தெகொஸ்தேயினர் வரை பலரும் இதை நடத்துகின்றனர்.

ஒவ்வொரு சந்திப்பிலும் முதலில் சேர்ந்து உண்கிறார்கள். பிறகு ஓர் உரை, அதன்பின் சிறு குழுவில் கலந்துரையாடல். உணவு வேளையில் விசுவாசத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. வந்தவரின் பெயரையும் வேலையையும் குடும்பத்தையும் விசாரித்து, அடுத்த வாரம் அவற்றை மறவாமல் கேட்பதே அங்கு உதவியாளரின் பணி.

உண்மையான பலம் கலந்துரையாடலில் இருக்கிறது. குழுத் தலைவர் பதில்களை அடுக்குவதில்லை; எழுந்த கேள்வியைக் குழுவிடமே திருப்பி, ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிறார். உதவியாளர் பெரும்பாலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேத வசனங்களைச் சட்டென்று எடுத்துச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது எளிதன்று. துன்பத்தை அனுமதிக்கும் கடவுளை எப்படி நம்புவது என்று ஒருவர் கோபத்தோடு கேட்டபோது, எவரும் அவரைத் திருத்த முற்படாததாலேயே அவர் தம் இழப்பைப் பற்றிச் சிறிது சிறிதாகப் பேசத் தொடங்கினார். அவ்வேளையில் சரியான விளக்கம் ஒன்றைச் சொல்லியிருந்தால், அவருடைய பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

குறைகளும் உண்டு. உரைகள் தெளிவானவை என்றாலும், கடினமான ஐயங்களைச் சில இடங்களில் விரைவாகக் கடந்துவிடுகின்றன. வகுப்பின் ஒரு பகுதியான, பரிசுத்த ஆவியானவரைக் குறித்த வார இறுதிக் கூடுகையில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, விரும்பாதவர் விலகியிருக்க இடமளிப்பது அவசியம்; இல்லையெனில், அதுவரை வளர்ந்த நம்பிக்கை குலைந்துவிடக்கூடும்.

இவை யாவற்றையும்விடப் பெரிய குறை, வகுப்பு முடிந்த பின்னரே தெரிகிறது. வாரந்தோறும் பரிவோடு உபசரிக்கப்பட்டவர் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது தனியாக அமர்கிறார்; பாடல், மண்டியிடுதல், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆகியவற்றின் ஒழுங்கை விளக்க அருகில் எவருமில்லை; குழுவினரோ தமக்குப் பழக்கமானவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆராதனைக்கு வருபவர்களைத் தோற்றத்தை வைத்துப் பாகுபடுத்துவதை யாக்கோபு, புதிய ஏற்பாட்டிலுள்ள தம் நிருபத்தின் (கடிதத்தின்) 2-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். பழக்கத்தை வைத்துப் பாகுபடுத்துவதும் அதே வகையான தவறுதான் என்று நம்புகிறேன். இது பாடத்திட்டத்தின் பிழையன்று, நடத்தும் சபையின் பிழை.

ஆகவே, ஆல்ஃபாவை மனமாரப் பரிந்துரைக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையுடன்: குழுத் தலைவரும் உதவியாளர்களும் வகுப்புக்குப் பிறகும் சில மாதங்கள் அதே விருந்தினர்களோடு ஆராதனையில் அமர முன்வர வேண்டும். அதற்கு ஆட்கள் கிடைக்கும்வரை, வகுப்பைத் தொடங்கும் நாளைத் தள்ளிவைப்பதே நல்லது.