பெரிய எண்ணுக்கு ஜாதகம் கணிக்கும் தளம்: கணக்கு சரி, அடுக்கியதுதான் சரியில்லை

ஒரு முழு எண்ணைத் தட்டினால் அது பகா எண்ணா, காரணிகள் என்னென்ன, எந்தெந்த வகையில் சேரும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற இலவசத் தளம். இந்த மாதிரித் தளங்களில் நான் முதலில் போட்டுப் பார்ப்பது 9007199254740993, அதாவது 2^53 + 1. இலக்கங்களைக் கூட்டினால் 78 வரும், ஆக 3ஆல் வகுபட்டே தீர வேண்டும். ஆனால் பிரவுசரின் சாதாரண எண் வகை இந்த எல்லைக்கு மேல் ஒற்றைப்படை எண்ணைத் தாங்காது என்பதால், அதை நம்பி எழுதிய தளங்கள் கடைசி 3ஐச் சத்தமில்லாமல் 2 ஆக்கிவிட்டு, காரணி எல்லாமே 2தான் என்று அடித்துச் சொல்லும். இந்தத் தளம் அதில் தேறிவிட்டது.

அடுத்து 2147483647. எட்டாவது மெர்சென் பகா எண் (2இன் அடுக்கில் 1 குறைந்த பகா எண், இது 2^31 − 1), 1772இல் கணிதவியலாளர் ஆய்லர் மூலம் உறுதியானது. இங்கேதான் எரிச்சல். வகுத்திகளின் எண்ணிக்கை 2, குறைவெண் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் எண்ணைவிடக் குறைவு), வர்க்கக் காரணி இல்லாதது, மோபியஸ் மதிப்பு −1 (பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதன் குறி), ஆய்லர் ஃபை 2147483646 (இந்த எண்ணோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத, இதைவிடச் சிறிய எண்களின் எண்ணிக்கை) என்று வரிசையாகப் போடுகிறார்கள், பார்த்தால் ஏதோ பெரிய பட்டியல் போல இருக்கிறது, ஆனால் பகா எண் என்று ஒரு தடவை சொன்னாலே இத்தனையும் அதற்குள் அடக்கம். மேலே பெரிய எழுத்தில் இலக்கக் கூட்டல் 46 வேறு. எட்டடிமானத்தில் (பத்துக்குப் பதில் எட்டை அடியாக வைத்து) எழுதினால் அந்தக் கூட்டல் 71 ஆகிவிடும், அதில் எண்ணின் குணம் என்ன இருக்கிறது? 2^30ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற செவ்விய எண் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமான எண்) கிடைக்கும் என்ற அருமையான தகவல் கடைசியில் சின்ன எழுத்தில் கிடக்கிறது.

சரி, பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். கணிதவியலாளர் ஃபெர்மா, பகா எண் என்று நம்பிய 4294967297ஐப் போட்டதும், ஆய்லர் கண்ட 641 × 6700417 வந்தது. அதோடு, இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதும் வழிகளையும் காட்டியது: 65536² + 1², பிறகு 62264² + 20449². பகா எண்ணுக்கு இப்படி ஒரு வழிக்கு மேல் இருக்கவே முடியாது, ஆக இந்த இரண்டாவது வழி ஒன்றே ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைக்கப் போதும். அது மட்டுமில்லை, 65536இலிருந்து 62264ஐக் கழித்து, 20449இலிருந்து 1ஐக் கழித்து, இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் 8. கழிப்பதற்குப் பதில் கூட்டிப் பார்த்தால் 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. 4² + 25² = 641, காரணி தானாக வந்து விழுகிறது! தளம் இந்த வழியைச் சொல்லவில்லை, ஆனால் கையில் போட்டுப் பார்க்கத் தேவையான எண்களைக் கொடுத்துவிடுகிறது.

இன்னொரு குறை, நூறு இலக்கத்துக்கு மேல் போகும்போது "பகா எண்" என்று மட்டும் வருகிறது. முழு நிரூபணம் நடந்ததா, இல்லை அனேகமாகப் பகா எண் என்று சொல்லும் நிகழ்தகவுச் சோதனை மட்டும்தானா என்று பக்கத்தில் ஒரு வார்த்தை போடலாம். ஐந்துக்கு மூன்றரை. அதைப் போட்டால் நாலு தருகிறேன்.