ஆரஞ்சு நிற ‘72 மணி நேர வெள்ள கிட்’ – வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

இன்ஸ்டாகிராமில் ஒரு ஆரஞ்சுப் பையின் விளம்பரம் சில மாதங்களாக ஓடுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் வெள்ளத்தில் மூன்று நாள் தாக்குப்பிடிக்கத் தேவையான எல்லாம் உள்ளே இருக்கிறதாம். விலை 3,499 ரூபாய். தயவுசெய்து வாங்காதீர்கள். எனக்குப் பணம் போனது ஒரு பக்கம். இந்தப் பையை நம்பி வயதானவர்களோடு யாராவது மொட்டை மாடியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தளம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை, செல்போன் டவரும் படுத்துவிட்டது. பால் பாக்கெட்டுக்கு அலைந்த கதை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதனால் 2024 அக்டோபர் நடுவில் ரெட் அலர்ட் விட்டு, ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திய அந்த வாரமே ஆர்டர் போட்டேன். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. பை வந்து சேர்ந்தது தீபாவளிக்கு அப்புறம்.

முதலில் பவர் பேங்க். மேலே கொள்ளளவு 20,000 எம்.ஏ.எச். என்று பெரிதாக அச்சடித்திருந்தது. கையில் நல்ல கனம். ஆனால் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள என் போனைப் பாதி ஏற்றுவதற்குள் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி ரிச்சி தெருவில் மொபைல் சர்வீஸ் பார்க்கிறான். அவன் நெம்பித் திறந்து காட்டினான்: உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரே ஒரு செல், அதன் பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய இரும்புத் தகடு. கனம் தகட்டுடையது! பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் எங்கேயும் இல்லை. பவர் பேங்குக்கு அது கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண், அச்சாகவே இருக்கும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் சின்ன வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். அடியில் இருந்த காலாவதி தேதி 2023 மார்ச்.

இதைவிட மோசம் குளோரின் மாத்திரை. பெயரில்லாத ஜிப் கவரில் உதிரியாகப் போட்டிருந்தார்கள். ஒரு மாத்திரை ஒரு லிட்டருக்கா, இருபது லிட்டருக்கா? இரண்டு அளவிலும் கடையில் கிடைக்கிறது. மாற்றிப் போட்டால் ஒன்று கிருமி சாகாது, இல்லை தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஒழுங்கான அட்டையில் எத்தனை லிட்டர், போட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் (பெரும்பாலும் அரை மணி) என்று எழுதியிருக்கும். கலங்கிய தண்ணீர் என்றால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். எண்ணூரில் அந்த மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து வந்ததே, அந்த மாதிரித் தண்ணீரை எந்தக் குளோரினும் சுத்தம் செய்யாது.

சாப்பாடு என்று பன்னிரண்டு எனர்ஜி பார். ஒன்றுக்கு 110 கிலோ கலோரி, ஆக மொத்தம் 1,320. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கே சுமார் 2,000 வேண்டும். இதில் நான்கு பேர் மூன்று நாள் ஓட்டணுமாம். குடிக்க நான்கு 200 மில்லி பாக்கெட். ஆளுக்குத் தினம் 3 லிட்டர் என்றாலும் 36 லிட்டர் ஆகிறது. கைப்பிடி சுற்றும் டார்ச்சின் கைப்பிடி முதல் சுற்றிலேயே கையோடு வந்துவிட்டது. விசில் மட்டும் நன்றாக ஊதுகிறது.

வாட்ஸ்அப்பில் கேட்டால், "பை திறக்கும்போது வீடியோ எடுத்தீர்களா மேடம்? வீடியோ இல்லாவிட்டால் ரீஃபண்ட் இல்லை" என்றார்கள். ஸ்டிக்கரைச் சுரண்டிய போட்டோ அனுப்பியதும் பிளாக். இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் தொடர்பு எண் எல்லாம் போட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. இவர்களிடம் இருந்தது ஒரு வாட்ஸ்அப் எண் மட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். புகார் எண் வந்தது, பணம் வரவில்லை. அதற்கு மேல் போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம் நாங்களே சேர்த்தோம். இரண்டு 20 லிட்டர் கேன், அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட், மருந்துக் கடையில் தேதி பார்த்து வாங்கிய ஓ.ஆர்.எஸ்., அம்மாவின் சுகர் மாத்திரை, பேட்டரி போடும் சாதாரண டார்ச், ஆதார் நகல். டவர் போனால் ஜிபே வேலை செய்யாது, அதனால் நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் பணம். பி.ஐ.எஸ். எண் உள்ள பவர் பேங்க்தான் இதில் பெரிய செலவு. அதையும் சேர்த்து அந்தப் பையைவிடக் குறைவாகத்தான் ஆனது.

அந்த நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும் அந்த விளம்பரம் மறுபடி வந்துவிட்டது. கடைப் பெயர் வேறு, பை இப்போது நீலம், விலை 2,999. உள்ளே காட்டும் பவர் பேங்க், டார்ச், ஜிப் கவர் எல்லாம் அதேதான். ஏற்கெனவே வாங்கியவர்கள் பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட்டையும் பார்சலில் ஒட்டிய லேபிளையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். 1915-ல் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.