மழை ஜக்கெற்: மலையில் தாங்குகிறது, வன்னி வெக்கையில் பழுதாகிறது

பார்க்கப்போவது கடைகளில் மோட்டார் சைக்கிள் ரெயின்கோட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் மெல்லிய மலையேற்ற ஜக்கெற். வெளியே நைலோன், உள்ளே தண்ணீரை உள்ளே விடாத பொலியூரித்தேன் பிளாஸ்டிக் பூச்சு, தையல்களின் மேல் ஒட்டுநாடா, கமக்கட்டில் சிப், நிறை 350 கிராம் அளவு. லேபலில் 10,000 மில்லிமீற்றர் என்றிருக்கும். மார்கழி தொடங்கி ஒரு வருடம் சிவனொளிபாதமலை, ரிவஸ்டன், கிரிகல்பொத்த என்று மழை, பனி, காற்று எல்லாவற்றிலும் பாவித்துப் பார்த்ததில், மலையில் இதற்குச் சொல்லக்கூடிய குறை கொஞ்சம்தான். ஆனால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருந்துகொண்டு வாங்குபவர், நுவரெலியாவில் இருப்பவரைவிட இரண்டு மடங்கு கவனமாக இதைப் பராமரிக்க வேண்டும்.

முதலில் அந்த 10,000. துணியின் மேல் 10 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் ஊறாது என்பதே அதன் பொருள். வெறும் மழைத்துளிக்கு அவ்வளவு தேவையில்லை. பையின் பட்டி தோளை அழுத்தும் இடத்திலும், ஈரக்கல்லில் குந்தும்போதும்தான் அந்த எண் உதவுகிறது. 3,000 என்று போட்ட மலிவு ஜக்கெற்றில் முதலில் நனைவது தோள்தான்.

1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். வவுனியாவை விட்டு 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை உச்சிக்குப் போனால் 14 பாகை வித்தியாசம், அதற்கு மேல் விடியற்காலைக் காற்று. நல்லதண்ணியிலிருந்து படியேறும்போது ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஏறுவதுதான் எல்லோரும் விடும் பிழை. வியர்வை உள்ளேயே தங்கி, உச்சியில் சூரியனுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் குளிராக மாறி உடம்பை நடுக்கும். மழை இல்லாவிட்டால் பைக்குள் வையுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, நனைந்த ரீசேட்டை மாற்றிவிட்டு அதன் மேல் போடுங்கள். மழையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறும்போது தண்ணீர் மணிக்கட்டால் இறங்கி முழங்கை வரை ஓடும். கை நுனியில் இருக்கும் வெல்க்ரோவை இறுக்கி ஒட்டினால் போதும்.

ஏ9 வீதியால் மாத்தளை வரை போய் ரத்தோட்டைப் பக்கம் திரும்பினால் வரும் ரிவஸ்டனில் சோதிக்கப்படுவது காற்றுக்கான தாங்குதிறன். குடை அங்கே வேலைக்காகாது. தலைவழியே போடும் பொஞ்சோ பாய்மரம் மாதிரி ஊதி, கால் வைக்கும் இடத்தையே மறைத்துவிடும். இந்த ஜக்கெற்றின் தொப்பியில் பின்பக்கமும் ஒரு இழுகயிறு இருப்பது இங்கேதான் விளங்குகிறது: இறுக்கினால் தலை திரும்பும் பக்கம் தொப்பியும் திரும்பும். கயிறு இல்லாத தொப்பி கண்ணை மூடும்.

கிரிகல்பொத்த 2,395 மீற்றர். ஹோட்டன் சமவெளியின் ஈரப்புல்லும் குட்டை மூங்கிலும் தொடை வரை உரசுவதால், மழை இல்லாத நாளிலும் கால்சட்டை நனையும். சேர்த்து விற்கும் மழைக் கால்சட்டை பரவாயில்லை என்றுதான் சொல்லலாம்; கவட்டுத் தையலில் நாடா சீக்கிரம் கிளம்புகிறது. மூடுபனிக்குள் “காற்றோட்டமான துணி” என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் நீராவி துணியால் எளிதில் வெளியேறாது. கமக்கட்டுச் சிப்பைத் திறப்பதுதான் வழி. சிப் இல்லாத மொடலை வாங்காதீர்கள்.

“ஒழுகுது” என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக முன் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். எல்லா இடமும் ஒரேயளவு ஈரமென்றால் அது வியர்வை. தையல் வழியே கோடாக ஈரமென்றால் நாடா விட்டிருக்கிறது. பட்டிக்குக் கீழே மட்டும் என்றால் பூச்சுத் தேய்ந்திருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். பொலியூரித்தேன் பூச்சுக்கு எதிரி மழையல்ல. ஈரமும் வெக்கையும் நீண்டநாள் சேர்ந்திருப்பதுதான். இரண்டும் சேர்ந்தால் பூச்சின் வேதிப்பிணைப்பு அறுந்து, துணி பிசுபிசுக்கும், புளித்த மணம் வரும், பிறகு செதில் செதிலாக உரியும். அந்த நிலைக்கு வந்ததற்கு மருந்தில்லை. மலையிலிருந்து வந்தவுடன் அரைகுறை ஈரத்தோடு சொப்பிங் பைக்குள் சுருட்டி, தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு, சோளகம் வீசும் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் மறந்துவிடுவது இந்தப் பிணைப்பை அறுப்பதற்கென்றே செய்யும் வேலை.

வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ குழாய்த்தண்ணீரோ பாவியுங்கள். சவர்க்காரம் மென்மையானதாக இருக்கட்டும். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது தண்ணீர் ஒட்டாத மேற்பூச்சைக் கெடுக்கும். வெயிலில் போடாமல் வேப்பமர நிழலில், உட்புறம் வெளியே தெரிய, இரண்டு நாள் தொங்கட்டும். பிறகு வீட்டில் குளிர்ச்சியான அறையில், மடிக்காமல் கொழுவியில்.

துளிகள் உருண்டோடாமல் துணியில் பரவத் தொடங்கினால், லேபல் அனுமதித்தால், பருத்தித் துணியை மேலே விரித்து மிகக் குறைந்த சூட்டில் அயன் பண்ணுங்கள். மேற்பூச்சு ஓரளவு உயிர்பெறும். கிளம்பிய நாடாவுக்குச் சப்பாத்துப் பசை பூசாதீர்கள், காய்ந்து வெடிக்கும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, தையலுக்கென்றே விற்கும் யூரித்தேன் பசையை மெல்லிதாகப் பூசி ஒரு நாள் காயவிடுங்கள்.

கடையில் வாங்கும்போது மூன்று வேலை. உட்புறத்தைப் புரட்டி, தோள், தொப்பி, கமக்கட்டுத் தையல்களில் நாடா தொடர்ச்சியாக இருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பாருங்கள். துணியில் வாயை வைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் வரக்கூடாது. உள்ளே ஒரு சுவெற்றர் போட்டு இரண்டு கையையும் உயர்த்துங்கள்; விளிம்பு பெல்ற்றுக்கு மேலே ஏறினால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். கடையில் நெடுநாள் வெக்கையில் தொங்கியதென்றால் உட்புறத்தை மணந்தும் பாருங்கள்: புளித்த வாடை அடித்தால், புதிது என்ற லேபல் இருந்தாலும் அது பழசு.